லிலியன் வால்ட்

லிலியன் வால்ட் (மார்ச் 10, 1867 – செப்டம்பர் 1, 1940) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த செவிலியர், சமூகப் பணியாளர், எழுத்தாளர் ஆவார். நியூயார்க் நகரின் கீழ்க் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த ஏழைக் குடியேறிகளின் வீடுகளுக்கே சென்று மருத்துவப் பராமரிப்பு அளிக்கும் செவிலியர் சேவையை 1893-ஆம் ஆண்டில் தொடங்கினார். இச்சேவையிலிருந்தே ஹென்றி தெரு இல்லம் என்னும் சமூக நிறுவனம் வளர்ந்தது. பொதுச் சுகாதாரச் செவிலியர் என்ற பெயரை வழக்கிற்குக் கொண்டு வந்தவராகவும் இவர் அறியப்படுகிறார்.

வீட்டில் அளிக்கப்படும் பராமரிப்பு மருத்துவமனைப் பராமரிப்புக்கு ஈடானதா, அதனை எவ்வாறு அளந்தறிவது, அதற்கு யார் பணம் தருவது ஆகிய கேள்விகளை எண்களின் துணையோடு பொதுமக்கள் முன் வைத்த தொடக்ககாலத்தவருள் வால்ட் ஒருவர். அவர் காட்டிய எண்களும், அவற்றைப் பற்றி எழக்கூடிய ஐயங்களும் வீட்டுப் பராமரிப்புச் சேவையின் தரத்தை மதிப்பிடும் வரலாற்றில் முக்கிய இடம் பெறுகின்றன.

இளமையும் கல்வியும்

லிலியன் வால்ட் ஒகையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் பிறந்தார். பெற்றோர் மாக்ஸ் வால்ட், மின்னி வால்ட். இவர்கள் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தந்தை மூக்குக் கண்ணாடி முதலிய ஒளியியல் பொருட்களை விற்கும் வணிகர். நான்கு பிள்ளைகளில் லிலியன் மூன்றாமவர். 1878-இல் குடும்பம் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கு ஒரு தனியார் பெண்கள் பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் பயின்றார். 16 வயதில் வாசர் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது வயது போதாது என்ற காரணத்தால் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

அவருடைய தமக்கை நோயுற்றிருந்த வேளையில் பராமரிக்க வந்த பயிற்சி பெற்ற செவிலி ஒருவரின் பணியைக் கண்டு அத்தொழிலில் ஈடுபாடு கொண்டார். 1889-இல் நியூயார்க் மருத்துவமனையின் செவிலியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து 1891-இல் தேர்ச்சி பெற்றார். பின்னர் ஏறத்தாழ ஓராண்டு காலம் சிறுவர் காப்பகம் ஒன்றில் பணியாற்றினார். நிறுவனக் கட்டுப்பாடுகளுக்குள் குழந்தைகள் வளர்க்கப்பட்ட முறை அவருக்கு மனநிறைவு தரவில்லை. அடுத்து மருத்துவராகும் எண்ணத்துடன் நியூயார்க்கில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

லட்லோ தெரு நிகழ்வு

மருத்துவ மாணவியாக இருந்தபோது கீழ்க் கிழக்குப் பகுதியின் குடியேறிப் பெண்களுக்கு வீட்டில் நோயாளிகளைப் பேணும் முறைகளைக் கற்பிக்கும் வகுப்பு ஒன்றை வால்ட் நடத்தி வந்தார். அக்காலத்தில் இப்பகுதி உலகிலேயே மிகவும் மக்கள் நெருக்கம் மிகுந்த இடங்களுள் ஒன்றாக இருந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களும், இத்தாலியர், ஐரிசுக்காரர் முதலானோரும் காற்றோட்டமற்ற அடுக்குக் குடியிருப்புகளில் நெருங்கி வாழ்ந்தனர். ஆடை தைத்தல் போன்ற கூலித் தொழில்கள் பலவும் அந்த அறைகளுக்குள்ளேயே நடைபெற்றன.

1893 மார்ச் மாதத்தில் மழை தூறிய ஒரு நாள், படுக்கை விரிக்கும் முறையை அவர் கற்பித்துக் கொண்டிருந்தபோது ஒரு சிறுமி வந்து தன் தாய்க்கு உதவுமாறு அழைத்தாள். சேறு படிந்த தெருக்களைக் கடந்து, லட்லோ தெருவில் இருந்த ஒரு பின்புறக் குடியிருப்புக்கு அவளைப் பின்தொடர்ந்து வால்ட் சென்றார். இரண்டு அறைகளில் ஏழு பேர் கொண்ட குடும்பமும் அவர்களோடு வாடகைக்குத் தங்கியிருந்தவர்களும் வசித்து வந்தனர். குழந்தை பெற்ற தாய் இரண்டு நாட்களாக இரத்தப் போக்குடன் அழுக்குப் படுக்கையில் கிடந்தார். வால்ட் அப்பெண்ணைத் துடைத்துத் தூய்மை செய்து, படுக்கையை மாற்றி, அறையையும் ஒழுங்குபடுத்தினார்.

இந்நிகழ்வு அவருடைய வாழ்வின் திருப்புமுனையாக அமைந்தது. இத்தகைய நிலைமை நீடிப்பதற்குக் காரணம் மக்கள் இதனை அறியாமல் இருப்பதே என்றும், அறிந்தால் பொறுத்துக் கொள்ள மாட்டார்கள் என்றும் அவர் அப்போது நம்பினார். இதன் பிறகு மருத்துவக் கல்லூரிக்கு அவர் திரும்பவில்லை.

ஹென்றி தெரு இல்லத்தின் தோற்றம்

பயிற்சிப் பள்ளித் தோழியான மேரி புரூஸ்டருடன் சேர்ந்து அதே பகுதியில் குடியேறி, அண்டை வீட்டாராக இருந்துகொண்டே நோயாளிகளைப் பேணுவது என வால்ட் முடிவு செய்தார். இருவரும் முதலில் ரிவிங்டன் தெருவில் இருந்த கல்லூரிப் பெண்களின் குடியிருப்பு இல்லத்தில் தங்கினர். பின்னர் 1893-இலேயே ஜெஃபர்சன் தெருவில் ஓர் அடுக்குக் குடியிருப்பின் மேல்தளத்துக்கு மாறினர். வங்கியாளர் ஜேக்கப் ஷிஃப் என்பவரும் திருமதி சாலமன் லோப் என்பவரும் செலவுக்குப் பொருளுதவி செய்தனர். நகரச் சுகாதார வாரியத்தின் ஆதரவைக் காட்டும் சின்னம் ஒன்றை அணிந்து கொள்ளவும் இருவருக்கும் அனுமதி கிடைத்தது.

1895-இல் ஹென்றி தெருவின் 265-ஆம் இலக்கக் கட்டிடத்தை ஷிஃப் வாங்கி அளித்தார். செவிலியர் அங்கேயே தங்கிப் பணிபுரியத் தொடங்கினர். உடல்நலம் குன்றியதால் புரூஸ்டர் சில ஆண்டுகளில் பணியிலிருந்து விலக நேர்ந்தது. சேவையோ தொடர்ந்து விரிவடைந்தது. 1893-இல் இரண்டு பேராக இருந்த செவிலியர் 1913-இல் 92 பேராயினர். அந்நாட்களில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,00,000 முறை அவர்கள் வீடுகளுக்குச் சென்று வந்தனர்.

வீட்டுக்குச் செல்லும் செவிலியர் என்ற எண்ணம் வால்டுக்கு முன்பே இருந்ததாகும். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வில்லியம் ராத்போன் 1859-இல் இத்தகைய சேவையைத் தொடங்கி வைத்தார். அமெரிக்காவிலும் பஃபலோ, பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா ஆகிய நகரங்களில் 1880-களின் நடுப்பகுதியிலேயே சிறு அமைப்புகள் தோன்றியிருந்தன. ஆனால் அவற்றுள் பலவும் அறச்செயலாகவோ சமயத் தொண்டாகவோ நடத்தப்பட்டன. வால்ட் அதனை நிலையான பொதுச் சேவையாக மாற்ற முயன்றார்.

சேவையின் அமைப்பு

ஹென்றி தெருச் செவிலியர் சேவை சில அடிப்படை விதிகளைக் கொண்டிருந்தது. அவை சேவையின் தரம் குறித்து வால்ட் கொண்டிருந்த கருத்தை வெளிப்படுத்துகின்றன.

முதலாவதாக, நோயாளியோ அவருடைய குடும்பத்தாரோ அழைத்தாலே செவிலி செல்ல வேண்டும். மருத்துவரின் பரிந்துரைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஏழைகள் மருத்துவரை அணுகும் முன்பே நோய் முற்றிவிடுவது வழக்கமாக இருந்ததால் இவ்விதி பெரிதும் பயன்பட்டது. மருத்துவர் தேவைப்படும் இடத்தில் அவரை வரவழைப்பதும், அவர் கூறும் மருத்துவ முறையைப் பின்பற்றுவதும் செவிலியின் கடமையாகும்.

இரண்டாவதாக, சேவை எந்தச் சமயத்தையும் சார்ந்திருக்கக் கூடாது. நோயாளியின் இனம், மொழி, சமயம் பற்றிய வேறுபாடு பார்க்கப்படவில்லை.

மூன்றாவதாக, இயன்றவர்கள் சிறு கட்டணம் செலுத்தலாம். 10 சென்ட் முதல் 25 சென்ட் வரை பெறப்பட்டது. இயலாதவர்களுக்குச் சேவை இலவசம். கட்டணம் கொடுப்பவர் தம்மை இரவலராகக் கருத வேண்டியதில்லை என்பதும், சேவையைப் பற்றிக் குறை கூறும் உரிமை அவருக்கு உண்டாகிறது என்பதும் இதன் உட்பொருள்.

நான்காவதாக, செவிலி தாம் பணிபுரியும் பகுதியிலேயே வாழ வேண்டும். நோய்க்கும் வேலையின்மைக்கும், நோய்க்கும் நெருக்கடியான வாடகை அறைகளுக்கும் உள்ள தொடர்பை அங்கு வாழ்பவரே அறிய முடியும் என வால்ட் கருதினார்.

செவிலியர் நீல நிறச் சீருடை அணிந்து, கருப்புப் பை ஒன்றை எடுத்துச் சென்றனர். ஒரு கட்டிடத்தில் இறங்கி அடுத்த கட்டிடத்தில் ஏறும் சிரமத்தைத் தவிர்க்கக் கூரைகளின் வழியாகவே கடந்து செல்வதும் உண்டு. நோயாளியைக் குளிப்பாட்டுதல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல், காய்ச்சலைக் குறித்தல், பிரசவமான தாயையும் சேயையும் கவனித்தல் ஆகியவற்றோடு, செவிலி இல்லாத நேரத்தில் செய்ய வேண்டியவற்றைக் குடும்பத்தாருக்குக் கற்பித்தலும் அவர்களின் பணியாக இருந்தது. காசநோய் உள்ள வீடுகளில் சளியைப் பாதுகாப்பாக அகற்றுவதற்கான கலங்களைக் கொடுத்து, நோய் பரவாமல் தடுக்கும் முறைகளையும் விளக்கினர்.

1906-இல் எலிசபெத் டைலர் என்னும் கறுப்பினச் செவிலி பணியில் சேர்க்கப்பட்டார். தொடர்ந்து கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் ஸ்டில்மன் இல்லம் என்ற கிளை ஏற்பட்டது. கறுப்பினச் செவிலியருக்கும் வெள்ளையினச் செவிலியருக்கும் ஒரே அளவு ஊதியம் வழங்கப்பட்டது. எனினும் கறுப்பினச் செவிலியர் பெரும்பாலும் கறுப்பின மக்களிடையிலேயே பணியமர்த்தப்பட்டனர்.

சேவையின் தரத்தை மதிப்பிடுதல்

பதிவேடுகள்

மருத்துவமனையில் ஒரு செவிலியின் பணியைத் தலைமைச் செவிலியும் மருத்துவரும் நாள்தோறும் காண முடியும். வீட்டில் அவர் செய்யும் பணியைக் காண்பவர் நோயாளியும் குடும்பத்தாரும் மட்டுமே. எனவே வீட்டுச் சேவையின் தரத்தை நிறுவனம் எவ்வாறு அறிவது என்பது தொடக்கம் முதலே சிக்கலான கேள்வியாக இருந்தது. வால்டும் புரூஸ்டரும் முதல் ஆண்டிலிருந்தே தாம் கண்ட நோயாளிகள், நோயின் வகை, செய்த உதவி, அதன் முடிவு ஆகியவற்றை எழுதி ஷிஃபுக்கு அறிக்கைகளாக அனுப்பி வந்தனர். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்டுவதற்காகத் தொடங்கிய இப்பழக்கமே பின்னர் சேவையின் பயனைக் காட்டும் சான்றாக வளர்ந்தது.

நுரையீரல் அழற்சிக் கணக்கு

வால்ட் வெளியிட்ட எண்களுள் மிகவும் அறியப்பட்டது நுரையீரல் அழற்சி எனப்படும் நிமோனியா பற்றியதாகும். நோய்க்கொல்லி மருந்துகள் கண்டறியப்படாத அக்காலத்தில் இந்நோய்க்குச் செவிலியரின் கவனிப்பே முதன்மையான மருத்துவமாக இருந்தது. 1914-ஆம் ஆண்டில் ஹென்றி தெருச் செவிலியர் எல்லா வயதினரையும் சேர்த்து 3,535 நிமோனியா நோயாளிகளை வீடுகளில் பராமரித்தனர். அவர்களுள் இறந்தோர் 8.05 விழுக்காடு. அதே காலத்தில் நியூயார்க்கின் நான்கு பெரிய மருத்துவமனைகளில் இருந்த 1,612 நோயாளிகளில் இறந்தோர் 31.2 விழுக்காடு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால், மருத்துவமனைகளில் சராசரியாக 38 விழுக்காட்டினரும், செவிலியர் பேணிய வீடுகளில் 9.3 விழுக்காட்டினரும் இறந்தனர்.

வீட்டுப் பராமரிப்பு மருத்துவமனைக்கு அடுத்த நிலையிலானது என்ற பொதுக்கருத்தை மறுக்க இவ்வெண்கள் உதவின. குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து மருத்துவமனைக்கு அனுப்புவது எப்போதும் நன்மை தரும் என்று கொள்ள இயலாது என்பதற்கும் இவை சான்றாகக் காட்டப்பட்டன.

எனினும் இவ்வொப்பீட்டை அப்படியே ஏற்றுக்கொள்வதில் தடைகள் உள்ளன. நோய் முற்றியவர்களும், வீட்டில் கவனிக்க எவருமற்றவர்களும் மருத்துவமனைக்குச் செல்லும் வாய்ப்பு அதிகம். இலேசான நோய் கண்டவர்கள் வீட்டிலேயே இருந்திருப்பர். வீட்டில் நிலைமை மோசமானவுடன் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டு அங்கே இறந்த ஒருவர் எந்தக் கணக்கில் சேர்வார் என்பதும் முடிவைப் பாதிக்கும். அதாவது இரு தரப்பு நோயாளிகளும் தொடக்கத்திலேயே ஒரே நிலையில் இருந்தனர் என்று கூற இயலாது. எனவே 31.2-க்கும் 8.05-க்கும் இடையிலான வேறுபாடு முழுவதும் செவிலியரின் திறனால் விளைந்தது எனக் கொள்வது பொருந்தாது. நோயின் கடுமையைக் கணக்கில் கொண்டு முடிவுகளைத் திருத்தி ஒப்பிடும் முறைகள் பிற்காலத்திலேயே உருவாயின. ஆயினும் வருகைகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், நோயாளிக்கு இறுதியில் என்ன நேர்ந்தது என்பதைக் கொண்டு சேவையை அளக்க முயன்றது குறிப்பிடத்தக்கதாகும்.

பள்ளிச் செவிலியர் சோதனை

இதனினும் தெளிவான முடிவு தந்தது பள்ளிச் செவிலியர் திட்டமாகும். நியூயார்க் பள்ளிகளில் 1897 முதல் மருத்துவர்கள் மாணவர்களைச் சோதித்து, தொற்று நோய் உடையோரை வீட்டுக்கு அனுப்பி வந்தனர். ஆனால் அவர்களுக்கு வீட்டில் மருத்துவம் கிடைக்கவில்லை. கண்ணோய், படை, தலைப்புண் போன்ற எளிய நோய்களுக்காகக் குழந்தைகள் மாதக்கணக்கில் படிப்பை இழந்தனர். தலைப்புண் காரணமாகப் பள்ளியில் சேர்க்கப்படாத ஒரு சிறுவனுக்கு மருந்திடக் கற்றுக்கொடுத்து, அவனைப் பள்ளிக்கு அனுப்பிய அனுபவம் வால்டுக்கு முன்னரே இருந்தது.

1902 அக்டோபரில் லினா ரோஜர்ஸ் என்னும் ஹென்றி தெருச் செவிலியை ஒரு மாதச் சோதனைக்காக நான்கு பள்ளிகளுக்கு வால்ட் அனுப்பினார். சோதனை வெற்றி பெற்றால் நகர நிர்வாகம் செலவை ஏற்க வேண்டும் என்ற உறுதியையும் முன்னதாகவே பெற்றுக்கொண்டார். ரோஜர்ஸ் பள்ளியிலேயே சிறு நோய்களுக்கு மருந்திட்டார். மாலையில் மாணவர்களின் வீடுகளுக்குச் சென்று தாய்மாருக்கு மருந்திடும் முறையைக் காட்டினார். சோதனையின் பயனைக் கண்டு நகரம் மேலும் செவிலியரை நியமித்தது. நோயின் காரணமாகப் பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட நிகழ்வுகள் 1902 செப்டம்பரில் 10,567 ஆக இருந்தன. 1903 செப்டம்பரில் அவை 1,101 ஆகக் குறைந்தன. அமெரிக்காவில் நகராட்சி ஒன்றின் செலவில் பள்ளிச் செவிலியர் பணியமர்த்தப்பட்டது இதுவே முதன்முறையாகும்.

இங்கு ஒப்பிடப்பட்டவை அதே நகரின் பள்ளிகள். அளக்கப்பட்டது எளிதில் எண்ணக்கூடிய ஒன்று. சோதனைக்கு முன்னும் பின்னும் கணக்கு எடுக்கப்பட்டது. இக்காரணங்களால் நிமோனியாக் கணக்கைவிட இது வலுவான சான்றாகக் கருதத்தக்கது.

ஆயுள் காப்புறுதி நிறுவனத்துடன் உடன்பாடு

1909-இல் மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்புறுதி நிறுவனம் தன் உறுப்பினர்களுக்குச் செவிலியர் சேவை வழங்க வேண்டும் என்ற கருத்தை வால்ட், அந்நிறுவனத்தின் லீ ஃபிராங்கெலிடம் எடுத்துரைத்தார். வாரந்தோறும் சிறு தொகை செலுத்திவந்த தொழிலாளர் குடும்பங்களே அந்நிறுவனத்தின் உறுப்பினர்களில் பெரும்பாலோர். உறுப்பினர் நோயிலிருந்து பிழைத்தால் நிறுவனம் இறப்புத் தொகை வழங்குவது தள்ளிப்போகும். எனவே நல்ல பராமரிப்பு இரு சாராருக்கும் நன்மையாகும் என்பது வால்டின் வாதம்.

அவ்வாண்டு ஜூன் மாதம் மன்ஹாட்டனில் மூன்று மாதச் சோதனை தொடங்கியது. ஒவ்வொரு வருகைக்கும் நிறுவனம் 50 சென்ட் வழங்கியது. சோதனை நிறைவளித்ததால் திட்டம் பிற நகரங்களுக்கும் பரவி, பின்னர் கனடாவிலும் நடைமுறைக்கு வந்தது. பல ஊர்களில் இருந்த சிறிய செவிலியர் சங்கங்களுக்கு இதன்மூலம் நிலையான வருமானம் கிடைத்தது. பயிற்சி பெற்ற செவிலியரையே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையும், ஒரே வகையான பதிவேடுகளும், ஒரு வருகைக்கு ஆகும் செலவைக் கணக்கிடும் முறையும் நாடெங்கும் பரவின.

ஆனால் நிறுவனத்தின் அளவுகோலும் செவிலியரின் அளவுகோலும் எப்போதும் ஒன்றாக இருக்கவில்லை. இறப்பு குறைவதையும் செலவையும் நிறுவனம் முதன்மையாகக் கருதியது. கடும் காய்ச்சலும் பிரசவமும் இக்கணக்குக்குப் பொருந்தின. குறுகிய காலத்தில் சில வருகைகளிலேயே அவற்றின் பயன் தெரிந்தது. பக்கவாதம், புற்றுநோய், முதுமைத் தளர்ச்சி ஆகியவற்றால் நெடுநாள் படுக்கையில் இருந்தவர்களின் நிலையோ வேறு. பல மாதங்கள் பேணினாலும் அவர்களின் ஆயுள் நீளும் என்ற உறுதியில்லை. இத்தகையோருக்கான வருகைகளை நிறுவனம் கட்டுப்படுத்தியது. வலியைக் குறைத்தல், படுக்கைப் புண்ணைத் தடுத்தல், குடும்பத்தாரின் சுமையைத் தணித்தல் ஆகியன இறப்புக் கணக்கில் இடம்பெறுவதில்லை. இவர்களை முற்றிலும் கைவிட இயலாத செவிலியர் சங்கங்கள் நன்கொடையைக் கொண்டே அச்செலவைச் சமாளிக்க வேண்டியிருந்தது.

தொற்று நோய்கள் குறைந்து, நாட்பட்ட நோய்கள் மிகுந்து, செலவும் உயர்ந்த பின்னர், 1953-இல் நிறுவனம் இத்திட்டத்தை முடிவுக்குக் கொண்டு வந்தது.

செவிலியர் கல்வி

வீட்டில் தனித்து முடிவெடுக்க வேண்டிய செவிலிக்கு மருத்துவமனைப் பயிற்சி மட்டும் போதாது என்பது வால்டின் உறுதியான கருத்து. அவருடைய முயற்சியாலும் மேரி அடிலெய்ட் நட்டிங்கின் தலைமையாலும் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் 1910-இல் செவிலியர் கல்வித் துறை விரிவாக்கம் பெற்றது. மாணவியர் களப்பயிற்சிக்காக ஹென்றி தெருவுக்கு வந்தனர்.

1912-இல் பொதுச் சுகாதாரச் செவிலியருக்கான தேசிய அமைப்பு நிறுவப்பட்டபோது வால்ட் அதன் முதல் தலைவரானார். பயிற்சியற்றவர்களைக் குறைந்த ஊதியத்தில் அமர்த்தும் அமைப்புகள் பெருகி வந்த நிலையில், பணியின் தரத்துக்குக் குறைந்தபட்ச நெறிகளை வகுப்பது இவ்வமைப்பின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. அதே ஆண்டில் சிற்றூர்களுக்கான செவிலியர் சேவையை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் தொடங்குவதற்கும் வால்ட் துணை நின்றார்.

ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு செவிலியர் கல்வி பற்றி ஆராய்ந்த குழுவிலும் அவர் உறுப்பினராக இருந்தார். ஜோசஃபின் கோல்ட்மார்க் தயாரித்த இக்குழுவின் அறிக்கை 1923-இல் வெளிவந்தது. மருத்துவமனைகள் மாணவியரைக் கற்பவராகக் கருதாமல் ஊதியமற்ற பணியாளராகப் பயன்படுத்துவதை அது சுட்டிக்காட்டியது. பொதுச் சுகாதாரச் செவிலியருக்குக் கூடுதல் பயிற்சி தேவை என்றும் அது பரிந்துரைத்தது.

பிற பொதுப்பணிகள்

நோயின் காரணங்கள் வீட்டுக்கு வெளியிலும் உள்ளன என்ற புரிதல் வால்டைப் பல இயக்கங்களுக்கு இட்டுச் சென்றது. 1903-இல் பெண்கள் தொழிற்சங்கக் கழகத்தின் உருவாக்கத்திலும், 1904-இல் குழந்தைத் தொழிலாளர் தேசியக் குழுவின் உருவாக்கத்திலும் பங்கேற்றார். விளையாட்டுத் திடல்கள், குடியிருப்புச் சீர்திருத்தம், பெண்களின் வாக்குரிமை ஆகியவற்றுக்காகவும் பாடுபட்டார்.

பருத்திப் பயிரைத் தாக்கும் வண்டினை ஆராய நடுவண் அரசு அலுவலர்களை அனுப்பும்போது, குழந்தைகளின் நலனை ஆராய ஏன் ஒரு துறை இருக்கக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. ஃபுளோரன்ஸ் கெல்லியுடன் இணைந்து அவர் இக்கருத்தைக் குடியரசுத் தலைவர் தியடோர் ரூசவெல்ட்டிடம் கொண்டு சென்றார். நெடிய முயற்சிக்குப் பின் 1912-இல் குழந்தைகள் நலச் செயலகம் அமைந்தது. ஜூலியா லேத்ரப் அதன் முதல் தலைவரானார்.

1909-இல் கறுப்பின மக்களின் உரிமைக்காகக் கூட்டப்பட்ட தேசிய மாநாட்டின் பேராளர்களை ஹென்றி தெரு இல்லம் வரவேற்றது. கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் ஒன்றாக அமர்வதை ஏற்க நகரின் பல இடங்கள் தயங்கிய காலம் அது. இம்மாநாட்டிலிருந்தே கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் உருவானது.

போரும் இன்ஃபுளுவென்சாவும்

முதல் உலகப் போரை வால்ட் எதிர்த்தார். இராணுவமயத்துக்கு எதிரான அமெரிக்க ஒன்றியத்தின் தலைமையில் இருந்தார். இதனால் நன்கொடையாளர் சிலர் இல்லத்துக்கு அளித்து வந்த உதவியை நிறுத்தினர். 1919-இல் மேலவைத் துணைக்குழு ஒன்றின் முன் வைக்கப்பட்ட, ஐயத்துக்குரியோர் பட்டியலில் ஜேன் ஆடம்சின் பெயருடன் இவருடைய பெயரும் இடம்பெற்றது.

இதற்குச் சில மாதங்கள் முன்னரே, 1918-இன் இலையுதிர் காலத்தில், நியூயார்க்கை இன்ஃபுளுவென்சாக் கொள்ளை நோய் தாக்கியிருந்தது. செவிலியர் பலர் போர்க்களப் பணிக்குச் சென்றுவிட்ட நிலையில் நகரில் கடும் பற்றாக்குறை ஏற்பட்டது. மருத்துவமனைகள் நிரம்பி வழிந்ததால் பெரும்பாலான நோயாளிகள் வீடுகளிலேயே பேணப்பட வேண்டியிருந்தது. நகரின் பல்வேறு செவிலியர் அமைப்புகளை ஒருங்கிணைத்த அவசரக்காலக் குழுவுக்கு வால்ட் தலைமை தாங்கினார். நகரம் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, அழைப்புகள் ஒழுங்குபடுத்தப்பட்டன. செவிலியர் பயிற்சி இல்லாத பெண்களும் சமையல், துணி துவைத்தல், நோயாளியின் அருகில் இருத்தல் ஆகிய பணிகளுக்குத் தன்னார்வலராக அழைக்கப்பட்டனர். பயிற்சி தேவைப்படும் பணியையும் தேவைப்படாத பணியையும் பிரித்து, கிடைத்த சில செவிலியரை மிகவும் தேவையான வீடுகளுக்கு அனுப்பியது இத்திட்டத்தின் சிறப்பாகும்.

இறுதிக் காலம்

1920-களின் நடுப்பகுதியிலிருந்து வால்டின் உடல்நலம் குன்றத் தொடங்கியது. 1933-இல் ஹென்றி தெரு இல்லத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். ஹெலன் ஹால் அப்பொறுப்பை ஏற்றார். வால்ட் கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட்டில் இருந்த தம் வீட்டில் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். மூளை இரத்தக் கசிவினால் 1940 செப்டம்பர் 1 அன்று தமது 73-ஆம் வயதில் காலமானார். அவருடைய உடல் ராச்செஸ்டரில் உள்ள மவுண்ட் ஹோப் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

எழுதிய நூல்கள்

- ஹென்றி தெருவின் வீடு (1915): சேவையின் முதல் இருபது ஆண்டு வரலாறு. நிமோனியா பற்றிய ஒப்பீடு இந்நூலில் இடம்பெற்றுள்ளது.
- ஹென்றி தெருவின் சாளரங்கள் (1934): பிற்கால நினைவுகள்.

தாக்கமும் நினைவும்

செவிலியர் சேவை 1944-இல் ஹென்றி தெரு இல்லத்திலிருந்து பிரிந்து நியூயார்க் வருகைச் செவிலியர் சேவை என்னும் தனி அமைப்பாயிற்று. 2022-இல் அது வி.என்.எஸ். ஹெல்த் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஹென்றி தெரு இல்லமும் சமூக நிறுவனமாகத் தொடர்ந்து இயங்கி வருகிறது. கீழ்க் கிழக்குப் பகுதியில் 1949-இல் கட்டி முடிக்கப்பட்ட அரசுக் குடியிருப்பு ஒன்றுக்கு வால்டின் பெயர் சூட்டப்பட்டது. 1970-இல் அமெரிக்கப் பெருமக்கள் புகழ் மண்டபத்துக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

வீட்டுப் பராமரிப்பின் தரம் பற்றி அவர் காலத்தில் எழுந்த கேள்விகள் பிற்காலத்திலும் தொடர்ந்தன. அவெடிஸ் டோனபீடியன் 1966-இல் மருத்துவச் சேவையின் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என மூன்று நிலைகளில் மதிப்பிட வேண்டும் என விளக்கினார். செவிலியின் தகுதியை வற்புறுத்தியது, வருகையின்போது செய்யப்பட்டதைப் பதிவு செய்தது, நோயின் முடிவைக் கணக்கிட்டது ஆகிய வால்டின் முயற்சிகளை இம்மூன்றனுள்ளும் பொருத்திப் பார்க்கலாம்.

1965-இல் சட்டமான முதியோருக்கான மெடிகேர் திட்டம் வீட்டுச் செவிலியர் சேவைக்கும் பணம் வழங்கியது. ஆயினும் குறிப்பிட்ட காலத்துக்குத் தேவைப்படும் திறன்சார் சேவைக்கே அது முன்னுரிமை அளித்தது. நெடுங்கால அன்றாடப் பராமரிப்பு பெரும்பாலும் அதன் எல்லைக்கு வெளியே நின்றது. 1999 முதல் இத்திட்டத்தின்கீழ் இயங்கும் வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்கள், நோயாளி நடக்கவும் குளிக்கவும் உடுத்தவும் இயலும் நிலையைச் சேவையின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே படிவத்தில் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் நோயாளி இருந்த நிலையைக் கணக்கில் கொண்டு விளைவை ஒப்பிடும் இம்முறை, 1914-ஆம் ஆண்டின் நிமோனியா ஒப்பீட்டில் காணப்பட்ட குறையைக் களைய முற்படுகிறது. ஆனால் குணமடைய வாய்ப்பில்லாத நோயாளிக்கு அளிக்கப்படும் நல்ல பராமரிப்பை எந்த எண்ணால் காட்டுவது என்ற கேள்விக்கு முழுமையான விடை கிடைக்கவில்லை.